லோகோவில் லோகோ வேண்டாம்

கேட்டிருப்பது இதுதான்: இணையத்தில் பத்து வருஷமாக இயங்கும் ஒரு தமிழ் ரயில் ரசிகர் குழு. இப்போதைய லோகோவில் ஒரு டீசல் எஞ்சின், சுற்றி வட்டமாகக் குழுவின் பெயர், அடியில் மூவர்ணத்தில் தண்டவாளம். மொபைலில் பார்த்தால் ஏதோ நசுங்கிய டப்பா மாதிரி தெரிகிறது. புதிதாக ஒன்று செய்யவேண்டும், எதை வரைவது, எப்படி வரைவது, உறுப்பினர்களிடையே போட்டி வைக்கலாமா?

நான் தொழிலில் கிராஃபிக் டிசைனர். ரயில் பைத்தியம் அதற்கும் முன்னாலேயே பிடித்தது. இந்த மாதிரிக் குழுக்களுக்கு இதுவரை மூன்று லோகோ செய்து கொடுத்திருக்கிறேன், அதில் ஒன்றுதான் தேறியது, மற்ற இரண்டும் ஏன் தேறவில்லை என்பதிலிருந்துதான் கீழே எழுதப்போவதில் பாதி வருகிறது.

முதலில் ஒரு மொழிச் சிக்கல். தமிழில் எழுதும்போது லோகோ என்றால் சின்னமும் அதுதான், எஞ்சினும் அதுதான். "அடுத்த மாதம் நமக்குப் புது லோகோ வருகிறது" என்று எங்கள் குழுவில் அறிவித்தபோது வந்த முதல் ஐந்து பதில்களும் "எந்த ஷெட்டுக்கு?" என்றுதான் இருந்தன (ஷெட் என்பது எஞ்சின்களை வைத்துப் பராமரிக்கிற கொட்டகை). சிரித்துவிட்டோம், ஆனால் வரைய உட்கார்ந்தபோது எங்கள் மண்டையிலும் அதே குழப்பம்தான் இருந்திருக்கிறது. லோகோ என்றதும் எல்லோரும் எஞ்சினைத்தான் வரைந்தோம். அதனால் இந்தப் பதிலில் சின்னத்தை லோகோ என்றும் எஞ்சினை எஞ்சின் என்றும் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினை வரையவேண்டாம் என்பது என் முதல் யோசனை. ஏன்? எந்த எஞ்சினை வரைந்தாலும் அது ஒரு கட்சி சேர்ந்துவிடும். டபிள்யூடிஎம்-2 என்ற பழைய டீசல் எஞ்சினைப் போட்டால் அதை வடிவமைத்த ஆல்கோ கம்பெனியின் ரசிகர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும், மின்சார எஞ்சின் கோஷ்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டபிள்யூஏபி-7 என்ற மின்சார எஞ்சினைப் போட்டால் நேர் எதிர். நீராவி எஞ்சின் போட்டால் யாருக்கும் கோபம் வராது, ஆனால் ஏதோ மலை வாசஸ்தல ஓட்டலின் லோகோ மாதிரி ஆகிவிடும். வந்தே பாரத் முகம் போடலாமே என்று இளசுகள் சொல்வார்கள். 2019-ல் அது வெள்ளையும் நீலமுமாக வந்தது, 2023-ல் காவி நிறத்திலும் வர ஆரம்பித்துவிட்டது. இன்னும் பத்து வருஷத்தில் அந்த மூக்கே என்ன வடிவத்தில் இருக்குமோ. ரயில்வே நான்கு வருஷத்தில் பெயின்ட் மாற்றும், நீங்களும் பின்னாலேயே லோகோ மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

இதைவிடப் பெரிய பிரச்சினை தப்பு. எங்கள் முதல் லோகோவை ரயில் தெரியாத ஒரு நண்பர் வரைந்தார், நல்ல கைக்காரர். டீசல் எஞ்சினின் முகத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டு, மேலே ஒரு பேண்டோகிராஃபையும் (மின்சார எஞ்சின் மேல்கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கிற சட்டம்) வைத்துவிட்டார், வெறுமையாக இருக்கிறதாம். பதிவிட்ட ஏழாவது நிமிடம் ஒருத்தர் கேட்டார், "ஆல்கோவுக்குக் கரண்ட் கம்பி எதுக்குண்ணே?" அதோடு முடிந்தது. இந்தக் கூட்டம் அப்படித்தான். நம்பர் பிளேட்டைப் பார்க்காமலே ஹாரன் சத்தத்தை வைத்து ஷெட் சொல்லுகிற ஆட்களுக்கு முன்னால் ஒரு படத்தை வைக்கிறீர்கள். அழகு இரண்டாம்பட்சம், முதலில் சரியாக இருக்கவேண்டும். இப்போது ஏஐ-யில் லோகோ போட்டுத் தருகிறேன் என்று யாராவது நிச்சயம் வருவார்கள். வந்த படத்தில் தண்டவாளத்தை எண்ணிப் பாருங்கள், சில சமயம் மூன்று இருக்கும்.

ரயில்வேக்காரர்களே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். கனடாவின் சிஎன் (கனடியன் நேஷனல்) ரயில்வேக்கு 1960-ல் ஆலன் ஃப்ளெமிங் செய்தது சி, என் என்ற இரண்டு எழுத்தையும் கையை எடுக்காமல் இழுத்த ஒரே கோடு, தடிமன் எங்கும் மாறாது. அதில் எஞ்சினும் இல்லை சக்கரமும் இல்லை, ஆனாலும் பார்த்தவுடன் ஏதோ ஒரு பாதை வளைந்து போகிறது என்று மனசு சொல்லும். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அதைத்தான் வண்டிகளில் அடிக்கிறார்கள்.

பிரிட்டிஷ் ரயிலின் இரட்டை அம்பு எனக்கு இன்னும் பிடித்தது. 1965, வரைந்தவர் ஜெரால்ட் பார்னி. இரண்டு கிடைக்கோடு, மேல் கோட்டில் வலப்பக்கம் போகும் அம்பு, கீழ்க்கோட்டில் இடப்பக்கம் போகும் அம்பு, நடுவில் ஒரு சாய்கோடு. இதை மேலிருந்து பார்க்கிற இரட்டைப் பாதையாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வலப்பக்கம் போகிற வண்டியில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு இடது கைப்பக்கப் பாதை எது? மேலே இருக்கிற கோடு. அம்பும் அதில்தான் வலப்பக்கம் போகிறது. அதாவது வண்டிகள் இடப்பக்கப் பாதையில் ஓடுகிற நாட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற படம், நம் ஊருக்கும் பொருந்தும். அதைக் கண்ணாடியில் திருப்பினால் வலப்பக்கம் ஓடுகிற நாடு ஆகிவிடும். வந்த புதிதில் முட்கம்பி என்றும், எந்தப் பக்கம் போவதென்று தெரியாத அம்பு என்றும் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். அப்புறம் 90-களில் அந்த நிறுவனத்தையே தனியார்களுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று, அம்பு மட்டும் இன்னும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. கிண்டலுக்குப் பயந்து முதல் வாரமே மாற்றியிருந்தால் அது இன்று இருந்திருக்காது, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் அந்த முதல் வாரம் வரும்.

நம் ஊரில் போலு என்ற யானை இருக்கிறது, பச்சை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ரயில் கார்டு. இந்திய ரயில்வேயின் 150-வது ஆண்டுக்காக 2002-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்ஐடி) செய்தது. எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அது கதாபாத்திரம், லோகோ வேலைக்கு ஆகாது. தும்பிக்கை, தொப்பி, விளக்கு எல்லாவற்றையும் சுண்டுவிரல் நகத்தளவில் வைத்தால் ஒரு நீலப் புள்ளிதான் மிஞ்சும்.

சரி, எஞ்சின் வேண்டாம் என்றால் வேறு என்ன? பாதையோரத்தில் நிற்கிற பொருட்களைப் பாருங்கள் என்பேன். மஞ்சளில் கறுப்பு எழுத்துப் பெயர்ப் பலகை, கேட்டுக்கு முன்னால் வருகிற, ஹாரன் அடிக்கச் சொல்லும் விசில் போர்டு, கைகாட்டி (கம்பத்தில் கை நீட்டி நிற்கிற பழைய சிக்னல்), கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கும் எக்ஸ். இவை எந்தக் கட்சியும் சேராதவை. வண்டி வேகமாகப் போனாலும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே பார்வையில் புரியவேண்டும் என்று செய்யப்பட்டவை. ஒரு லோகோவுக்குச் செய்யவேண்டிய பாதி வேலையை யாரோ ஒரு பழைய ரயில்வே இன்ஜினியர் நமக்காகச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதில் என் முதல் காதல் அந்த எக்ஸ்தான். வண்டி முழுசாக வந்துவிட்டதா, நடுவில் எங்கும் கழன்றுவிடவில்லையே என்று ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்மேனும் அதைப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். வண்டி போனபிறகும் பிளாட்பாரத்தில் நின்று அந்த எக்ஸ் சின்னதாகி மறைகிற வரை பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் யார்? நம்ம ஆள்தான். ரசிகனுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது என்று ஒரு குழுவுக்கு அதையே செய்து கொடுத்தேன். மஞ்சள் எக்ஸ், கரு நீலப் பின்னணி. நன்றாகத்தான் இருந்தது. 2023 ஜூலையில் ட்விட்டர் தன் பெயரை எக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் ஏதோ அந்த நிறுவனத்தின் தமிழ்க் கிளை என்று நினைக்க ஆரம்பித்தார்கள், மூடுகிற பட்டன் என்று நினைத்து அமுக்கியவர்களும் உண்டு. போச்சு.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது கைகாட்டி. காரணம் ஒன்று, அதற்குத் தமிழில் ஒரு அருமையான பெயர் இருக்கிறது. பேண்டோகிராஃபுக்கும் போகிக்கும் இல்லாத பாக்கியம் அது. "கைகாட்டி இறங்கிருச்சு" என்றால் வண்டி வரப்போகிறது, ஓடு என்று அர்த்தம், எங்கள் தெருவில் டைம் டேபிளைவிட அதைத்தான் நம்பினார்கள். காரணம் இரண்டு, இரண்டே கோடு. ஒரு கம்பம், ஒரு கை. இன்றைக்குப் பெரும்பாலும் கலர் லைட் சிக்னல்தானே, சின்னப் பிள்ளைகளுக்குக் கைகாட்டி தெரியுமா என்று கேட்பார்கள். ஃப்ளாப்பி டிஸ்க்கைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் அந்தப் படத்தை அமுக்கித்தான் ஃபைலைச் சேமிக்கிறார்கள், அது பரவாயில்லை.

வரைகிற விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் மாட்டிக்கொள்வோம்.

நம் ஊர்க் கைகாட்டியை வண்டியோட்டி வருகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கை, கம்பத்துக்கு இடப்பக்கம் நீட்டியிருக்கும். வலப்பக்கம் வரைந்தால் நீங்கள் சிக்னலின் முதுகைக் காட்டுகிறீர்கள், அதாவது போய்விட்ட வண்டியின் சிக்னல். வலப்பக்கம் நீட்டி மேலே தூக்கியும் வரைந்துவிட்டால் அது ஜெர்மனி. முன்பக்கம் சிவப்பு, நுனிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. முதுகு வெள்ளை, அதில் கறுப்புப் பட்டை. நுனி சதுரமாக இருந்தால் நிற்கச் சொல்லும் சிக்னல், மீன்வால் மாதிரி வெட்டியிருந்தால் முன்னெச்சரிக்கை சிக்னல். நமக்குச் சதுரம் போதும்.

கிடையாக நீட்டியிருந்தால் நில். பழைய வகையில் போகலாம் என்றால் கை கீழே இறங்கும், 45-லிருந்து 60 டிகிரி வரை. (மேலே தூக்குகிற வகையும் உண்டு, அதில் 45 டிகிரி என்றால் எச்சரிக்கை, நேர்க்குத்தாக நின்றால் போ. அதை எடுக்காதீர்கள், நேர்க்குத்தாக நின்றால் கம்பத்தோடு கம்பமாகக் கை காணாமல் போய்விடும்.) நீங்கள் 45 டிகிரி இறக்கத்தையே எடுங்கள். ரயில்வே அனுமதிக்கிற அளவும் அதுதான், சின்னத் திரையில் பிக்சல் படி படியாகத் தெரியாமல் ஒரே சீராக விழுகிற சாய்வும் அதுதான். இப்படி இரண்டு பக்கமும் ஒத்துப்போவது அபூர்வம்.

இப்படி வரைந்து பார்த்தால் உடனே ஒரு சங்கடம் வரும், அது 1 என்ற எண் மாதிரி இருக்கும். நானும் இரண்டு நாள் முட்டிக்கொண்டேன். அப்புறம் பழைய போட்டோ ஒன்றை எடுத்துப் பார்த்தபோதுதான் புத்தியில் உறைத்தது. நிஜத்தில் கை கம்பத்தின் உச்சியிலிருந்து கிளம்புவதே இல்லை, உச்சி அதற்கு மேலேயும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, ஒரு கூர்முனையோடு நிற்கும். அதை வரைந்ததும் 1 போய்விட்டது. இன்னொன்று, கையின் மறுமுனையில் கம்பத்துக்கு வலப்பக்கம் கண்ணாடி பொருத்திய சட்டம் ஒன்று இருக்கும், மேலே சிவப்பு, கீழே பச்சை. கை இறங்கும்போது இந்தப் பக்கம் மேலே ஏறும், சிவப்பு விலகிப் பச்சைக் கண்ணாடி விளக்குக்கு நேராக வந்து நிற்கும். எவ்வளவு எளிமையான ஏற்பாடு பாருங்கள். அந்த விளக்கை ஒரே ஒரு பச்சை வட்டமாக வைக்கலாம். முழு லோகோவும் ஒரே நிறம், அந்தப் புள்ளி மட்டும் பச்சை. பழைய சிக்னல் விளக்குகளில் பச்சைக் கண்ணாடி கொஞ்சம் நீலம் பாய்ந்து இருக்கும், மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சளோடு சேர்ந்துதான் அது பச்சையாகத் தெரியும். அதனால் இலைப்பச்சை வேண்டாம், நீலப்பச்சை எடுங்கள், கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

அளவுக்கு வருவோம். 1000-க்கு 1000 சதுரத்தில் வரைகிறீர்கள் என்று வையுங்கள். கோட்டின் தடிமன் 50 என்றால் 32 பிக்சலில் அது 1.6 பிக்சல், பிரவுசர் டேபில் வருகிற 16 பிக்சலில் 0.8. அதாவது காணோம். கம்பம் 90, கை 150 என்று எடுத்தால் 32-ல் கம்பம் மூன்று பிக்சல், கை ஐந்து பிக்சல், தாராளம். வெள்ளைப் பட்டையும் கூர்முனையும் பெரிய அளவில் மட்டும் இருக்கட்டும், 16-க்குத் தனியாக அவை இல்லாத ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். வாட்சப் டிபி வட்டமாக வெட்டும், சதுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூலைகளோடு போய்விடும், அதனால் எதையும் மூலையில் வைக்காதீர்கள்.

ரயில் குழுக்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, மற்ற டிசைனர்களுக்கு இது தோன்றாது: வாட்டர்மார்க். உங்கள் லோகோ அதிகமாக இருக்கப்போவது உறுப்பினர்கள் எடுக்கிற போட்டோக்களின் ஓரத்தில்தான், பாதி ஒளிபுகும் வெள்ளையில். ஒரே மாதிரியான வானத்தில் எதுவும் நன்றாகத்தான் தெரியும். ஜல்லி மேல் வைத்துப் பாருங்கள். ஆயிரம் கல், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல், அதில் மெல்லிய கோடுகள் எல்லாம் கரைந்துவிடும். ஜல்லி மேல் தாக்குப்பிடித்தால் எங்கும் தாக்குப்பிடிக்கும். டி-ஷர்ட்டுக்கும் இதே கதை, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி ஸ்கிரீன், ஒரு நிறமென்றால் செலவும் குறைவு.

கைகாட்டி பிடிக்கவில்லை, கலர் லைட்தான் வேண்டும் என்று குழு சொன்னால் ஒன்றே ஒன்று: சிவப்பை மேலே வைத்துவிடாதீர்கள். அது ரோடு சிக்னல். ரயில் சிக்னலில் சிவப்பு கீழே, ஓட்டுநரின் கண்மட்டத்துக்குப் பக்கத்தில். மூன்று விளக்கென்றால் மேலிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு. தண்டவாளம்தான் வேண்டும் என்றால் கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே உள்ள அகலம்) பார்த்து வரையுங்கள். பிராட் கேஜ் 1676 மி.மீ., தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான கான்கிரீட் ஸ்லீப்பரின் நீளம் 2750 மி.மீ., ஆக இரண்டு பக்கமும் தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து வெளியே நீளுவது கேஜில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதைத் தாராளமாக நீட்டி வரைந்தால் மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதை மாதிரி ஆகிவிடும், "எப்ப சார் கேஜ் கன்வர்ஷன்?" என்று கேட்பார்கள்.

எழுத்து. குழுவின் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள், அதை லோகோவுக்குள் திணிக்காதீர்கள், பக்கத்தில் தனியாக நிற்கட்டும். வட்டத்தைச் சுற்றித் தமிழ் எழுத்தை வளைத்தால் கொம்பும் காலும் தனித்தனியாகக் கழன்று ஆடும், பழைய லோகோவில் அதுதான் நடந்திருக்கிறது. ஹிந்த் மதுரை, கட்டமரான், முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்களில் தொடங்கலாம், மூன்றும் திறந்த உரிமம் உள்ளவை. பாருங்கள், ரயில் என்று எழுதினால் கடைசியில் ல் மேல் ஒரு புள்ளி வருகிறது. கைகாட்டியின் அந்தப் பச்சையை இந்தப் புள்ளிக்கும் கொடுத்தால் சின்னமும் பெயரும் ஒன்றோடொன்று பேசும். ரயிலா இரயிலா தொடர்வண்டியா என்ற சண்டையை மட்டும் லோகோ வேலையோடு சேர்த்து ஆரம்பிக்காதீர்கள், ஒரு மாதம் போய்விடும், எனக்குத் தெரியும்.

ரயில்வேயின் வட்ட முத்திரை மாதிரி, அரசு சின்னம் மாதிரி தெரிகிற எதையும் தவிருங்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம், நடைமுறைத் தொல்லை இன்னொரு பக்கம். எங்கள் பழைய லோகோ கொஞ்சம் அதிகாரபூர்வமாக இருந்ததால் தினமும் யாராவது பிஎன்ஆர் நம்பரை அனுப்பி "கன்ஃபர்ம் ஆகுமா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரீஃபண்ட் வரவில்லை என்று திட்டு வேறு.

போட்டி வைக்கலாமா? யோசனை கேட்கப் போட்டி வையுங்கள், முடிவெடுக்க வேண்டாம். ஓட்டுக்கு விட்டால் எப்போதும் ஜெயிப்பது நிறைய விவரம் உள்ள படம்தான், பெரிதாக்கிப் பார்த்து "என்ன உழைப்பு!" என்று ஓட்டுப் போடுவார்கள். மூன்று பேர் உட்காருங்கள், அதில் ஒருவர் சிக்னல் தெரிந்த ரயில்வே ஆள், ஒருவர் ரயிலைப் பற்றி எதுவுமே தெரியாதவர். தெரியாதவரிடம் ஐந்து விநாடி காட்டிவிட்டு மூடி, ஞாபகத்திலிருந்து வரையச் சொல்லுங்கள். வரைய முடிந்தால் அதுதான்.

யார் வரைந்தாலும் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உரிமையை எழுதி வாங்கிவிடுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமை மாற்றம் எழுத்தில்தான் செல்லும், காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் எடுத்துக்கொள்ளப்படும். காலமும் இடமும் எழுதி, கையெழுத்தோடு ஒரு பக்கம், அவ்வளவுதான். நட்பாக இருக்கும்போதே வாங்கவேண்டிய காகிதம் அது.

பழைய போட்டோக்களில் இருக்கிற பழைய வாட்டர்மார்க்கை மாற்ற உட்காராதீர்கள், அது அந்தக் காலத்துப் படம், அந்தக் காலத்து முத்திரையோடே இருக்கட்டும். வரைந்து முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளையில், 32 பிக்சலில், ஜல்லி மேல் வைத்து. கலரில் பெரிதாக அனுப்பினால் திறக்கமாட்டேன்.